எட்டும் ஐந்தும் பதின்மூன்று: தரம் 2 பிள்ளைகளுக்குக் கூட்டல் கைவர என்ன செய்யலாம்?

கேட்டவர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் தரம் 2 படிப்பிக்கும் இளம் ஆசிரியை. வகுப்பில் 34 பிள்ளைகள். "8 + 5 என்றால் பாதிப் பேர் இன்னும் ஒன்றிலிருந்து விரல் மடக்குகிறார்கள். கூட்டல் வாய்பாட்டைப் பாடமாக்க விடலாமா? கிழமைக்கு ஒருமுறை ஒரு நிமிடப் பரீட்சை வைக்கும்படி அதிபர் சொல்கிறார். அது பலன் தருமா?" இதுதான் அவருடைய கேள்வி.

தங்கச்சி, பாடமாக்கலையும் ஒரு நிமிடப் பரீட்சையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கூட்டல் விடைகள் பிள்ளைக்கு யோசிக்காமலே வாயில் வரவேண்டும் என்பதில் எனக்கும் உங்கள் அதிபருக்கும் வேறுபாடு இல்லை. தரம் 3இல் 47 + 38 செய்யும்போது 7 + 8இலேயே பிள்ளை நின்றுவிட்டால், பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவதை மறந்துவிடும். சின்ன மனதில் ஒரே நேரத்தில் எத்தனையைத்தான் பிடித்து வைக்க முடியும்? ஆகவே கைவரத்தான் வேண்டும். எந்த வழியால் கைவருகிறது என்பதில்தான் நான் பல வருடம் பிழை விட்டேன்.

என் முதல் வகுப்பில் கூட்டல் வாய்பாட்டைத் தினமும் காலையில் ஒரே குரலில் சொல்ல வைத்தேன். ஆறும் ஒன்றும் ஏழு, ஆறும் இரண்டும் எட்டு என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் தவணையில் ஒரு பையனைத் தனியாகக் கூப்பிட்டு "ஆறும் ஏழும் எத்தனை?" என்று கேட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான். ஆறும் ஒன்றும் ஏழு என்று தொடங்கி, ஆறும் ஏழும் வரும்வரைக்கும் முழுவதையும் பாடிவிட்டுத்தான் பதின்மூன்று என்றான். அவனுக்குத் தெரிந்திருந்தது ஒரு பாட்டு. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கும் உறவு ஒன்றும் தெரியவில்லை. ஆறும் ஆறும் பன்னிரண்டு என்று அவன் சொல்வான். அதற்கு ஒன்று கூடத்தான் ஆறும் ஏழும் என்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டியவள் நான்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 1935இல் அமெரிக்காவில் வில்லியம் பிரவுனெல், சார்லட் சாசல் என்ற இருவர் மூன்றாம் தரப் பிள்ளைகளிடம் இதையே பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கூட்டல், கழித்தல் விடைகளில் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரையும் இருத்தி எப்படி விடை கண்டாய் என்று கேட்டார்கள். முன்னர் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர் பயிற்சிக்குப் பிறகும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்ணும் வேகம் மட்டும் கூடியிருந்தது. பயிற்சி கொடுத்தால், பிள்ளை ஏற்கெனவே செய்யும் முறை உறுதிப்படும். முறையை அது தானாக மாற்றித் தராது.

அப்போ முதல் வேலை, ஒவ்வொரு பிள்ளையும் இப்போது எந்த முறையில் நிற்கிறது என்று அறிவது. கொப்பியைத் திருத்தி இதை அறிய முடியாது. கொப்பியில் 13 என்று சரியாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருத்திக் கேட்க வேண்டும். 34 பேரும் என்றவுடன் பயப்படாதீர்கள். மற்றவர்கள் படம் கீறும் நேரத்தில் நாளுக்கு ஐந்து பேர் என்று எடுத்தால் ஏழு பள்ளிக்கூட நாளில் முடிந்துவிடும். ஒருவருக்குப் பத்துக் கணக்கு போதும்: 3 + 1, 4 + 4, 2 + 7, 5 + 3, 7 + 3, 6 + 6, 6 + 7, 9 + 4, 8 + 5, 5 + 7. விடை வந்ததும் "எப்பிடி ராசா கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள், பிழைக்கும் கேளுங்கள். பிழைக்கு மட்டும் கேட்டால், ரீச்சர் 'எப்பிடி' என்றாலே பிழை என்று பிள்ளைகள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயருக்கு நேரே மூன்று குறிகளில் ஒன்றைப் போடுங்கள். மூன்று விநாடிக்குள் வந்ததா, தெரிந்த ஒன்றை வைத்து யோசித்து வந்ததா, எண்ணி வந்ததா.

எண்ணுகிற பிள்ளைகளிலும் ஒரே மாதிரி எண்ணாதவர்கள் இருப்பார்கள். 2 + 7க்கு இரண்டு விரல் நீட்டி, ஏழு விரல் நீட்டி, பிறகு எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவது ஒரு நிலை. இரண்டை மனதில் வைத்து மூன்று, நான்கு என்று மேலே போவது அடுத்த நிலை. பெரிய எண்ணான ஏழைப் பிடித்துக்கொண்டு எட்டு, ஒன்பது என்று முடிப்பது அதற்கும் அடுத்தது. இந்தக் கடைசி நிலைக்கு வந்த பிள்ளை, எண்களின் இடத்தை மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதைத் தானாகவே கண்டுகொண்ட பிள்ளை. அது சின்னக் காரியமில்லை.

ஒரு பிழையைக் குறிப்பாகப் பாருங்கள். 6 + 3க்கு 8, 7 + 4க்கு 10 என்று எப்போதும் ஒன்று குறைத்துச் சொல்லும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். கவனமில்லை என்று அவர்களைத் திட்டிவிடாதீர்கள். அவர்கள் ஆறிலிருந்து மேலே போகும்போது ஆறையும் சேர்த்து "ஆறு, ஏழு, எட்டு" என்று மூன்று விரலை மடக்குகிறார்கள். தாயம் விளையாடும்போது காய் நிற்கும் கட்டத்தையே ஒன்று என்று எண்ணுவது போன்ற பிழை இது. ஒரு சிரட்டையால் ஆறு புளியங்கொட்டையை மூடி, வெளியே மூன்றை வையுங்கள். சிரட்டையைத் தட்டி "ஆறு" என்று சொல்ல வைத்து, பிறகு வெளியே உள்ளதைத் தொட்டு ஏழு, எட்டு, ஒன்பது. நான்கைந்து நாளில் சரியாகிவிடும்.

விரலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "விரல் விடாதே" என்று சொல்லாதீர்கள். சொன்னால் பிள்ளை மேசைக்குக் கீழே எண்ணும், அல்லது கால்விரலை அசைக்கும். அதற்குப் பதிலாக விரலைக் காட்டும் விதத்தை மாற்றுங்கள். ஏழு என்றதும் ஒரு கை முழுவதும், மறுகையில் இரண்டு விரல், ஒரே தடவையில் சட்டென்று உயர வேண்டும். ஒவ்வொன்றாக நீட்டக்கூடாது. ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்று கை அறிந்துகொண்டால், மூன்று விரல் மடங்கிக் கிடப்பதும் கண்ணில் படும். ஏழுக்குப் பத்தாக மூன்று வேண்டும் என்ற செய்தி அங்கேயே இருக்கிறது.

இனி, எத்தனை கணக்கைத்தான் பிள்ளை அறிய வேண்டும் என்று ஒருமுறை நாங்களே எண்ணிப் பார்ப்போம். இதை எண்ணிப் பார்த்த அன்றுதான் என் பயம் போனது. 1 + 1 முதல் 9 + 9 வரை 81 கணக்கு. 3 + 8ம் 8 + 3ம் ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் புரிந்தால் 81 குறைந்து 45 ஆகும். அதில் ஒன்றைக் கூட்டுவது ஒன்பது கணக்கு. அடுத்த எண்ணைச் சொல்லத் தெரிந்தால் போதும். இரண்டைக் கூட்டுவதில் புதிதாக எட்டு. மூன்றும் மூன்றும், நான்கும் நான்கும் என்ற இரட்டைகளில் மிச்சம் ஏழு. பத்தாகும் சோடிகளில் மிச்சம் 3 + 7, 4 + 6 என்ற இரண்டு. இரட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் 3 + 4, 4 + 5, 5 + 6, 6 + 7, 7 + 8, 8 + 9 ஆகியவை ஆறு. இதுவரை 32. மிஞ்சுவது 13. அந்தப் பதின்மூன்றில் ஒன்பது கணக்குகளில் 9 அல்லது 8 இருக்கிறது. அவற்றைப் பத்தாக்கிச் சேர்க்கலாம். கடைசியில் அனாதையாக நிற்பவை நான்கே நான்கு: 3 + 5, 3 + 6, 4 + 7, 5 + 7.

வாய்பாட்டு அட்டையைச் சுவரில் தொங்கவிட்டால் பிள்ளைக்கு அது 81 தனித்தனிச் சுமையாகத் தெரியும். அதையே ஐந்தாறு உறவுகளாகக் காட்டினால் ஒவ்வொரு கிழமையும் ஒரு கூட்டம் கணக்கு பிள்ளையின் கைக்கு வரும். நான் பிற்காலத்தில் சுவரில் 45 கட்டம் கீறிய மட்டை ஒன்றைத் தொங்கவிட்டேன். வகுப்பு முழுவதற்கும் ஒரு உறவு பிடிபட்டதும் அந்தக் கட்டங்களுக்கு நிறம் தீட்டுவோம். மிச்சம் எத்தனை என்று தினமும் யாராவது ஒரு பிள்ளை எழும்பிப் போய் எண்ணிப் பார்க்கும்.

எங்கே தொடங்குவது? பத்தில். அதற்கு முன் ஐந்தில். தரம் 1இல் ஒழுங்காகச் செய்திருந்தால் நல்லது, இல்லையென்றால் வெட்கப்படாமல் நீங்கள் செய்யுங்கள். இதற்குக் காசு செலவழித்து எந்தப் பொருளும் வாங்கத் தேவையில்லை. கடையில் முப்பது முட்டை வைக்கும் மட்டைத் தட்டு இருக்கிறதல்லவா, அது ஒரு பக்கம் ஐந்து குழி, மறுபக்கம் ஆறு குழி. இரண்டு இரண்டு வரிசையாக மூன்று துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் குழி. இரண்டு பேருக்கு ஒரு துண்டு என்றால் உங்கள் வகுப்புக்கு ஆறு தட்டு போதும். சந்தியில் உள்ள கடைக்காரரிடம் கேட்டால் சும்மாவே தருவார்.

குழிகளில் புளியங்கொட்டையை இடப்பக்கத்திலிருந்து மேல் வரிசை நிறைய வைத்துப் பிறகு கீழ் வரிசைக்கு வர வேண்டும். இந்த ஒழுங்கு முக்கியம். எட்டு வைத்தால் மேலே ஐந்து, கீழே மூன்று, வெறுங்குழி இரண்டு. இதை நீங்கள் ஒரு மட்டையில் வட்டங்களாகக் கீறி இரண்டு விநாடி காட்டி மறைத்துவிட்டு "எத்தனை கண்டனீங்கள்? எப்பிடித் தெரியும்?" என்று கேளுங்கள். எண்ணுவதற்கு நேரம் இருக்காது, பார்க்கத்தான் முடியும். "ரெண்டு குழி வெறுமை ரீச்சர், அப்ப எட்டு" என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்த வாக்கியத்தை மற்றப் பிள்ளைகள் காதில் விழும்படி திருப்பிச் சொல்லுங்கள். நீங்கள் படிப்பிக்க நினைத்த முழுப் பாடமும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

பத்தாகும் சோடிக்கு இன்னொரு விளையாட்டு. பழைய கலண்டர் மட்டையில் 1 முதல் 9 வரை நான்கு தொகுதி வெட்டி, மேசையில் கவிழ்த்து வையுங்கள். இரண்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பத்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேர் விளையாட அளவாக இருக்கும். இந்தச் சோடிகளுக்கு நான் இரண்டு கிழமைக்கு மேல் எடுப்பேன். அவசரப்பட்டால் பிறகு வருவதெல்லாம் ஆட்டம் காணும்.

இரட்டைகள் பிள்ளைகளுக்குத் தானாகவே பிடிக்கும். இரண்டு கையிலும் ஐந்து ஐந்து விரல், சிலந்திக்கு ஒரு பக்கம் நாலு கால் மறுபக்கம் நாலு கால், முட்டைத் தட்டில் ஆறு ஆறாக இரண்டு வரிசை. இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் இரட்டையிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாண்டுவது தானாக நடக்காது. 6 + 6ஐ உடனே சொல்லும் பிள்ளை 6 + 7க்கு மறுபடியும் விரலுக்குப் போவதைப் பார்ப்பீர்கள். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதி, "மேல உள்ளது தெரியும், அதை வைச்சுக் கீழ உள்ளதைச் சொல்லலாமோ?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். முன்வரிசைப் பிள்ளை கை தூக்கியவுடன் விடை வாங்கிவிட்டால் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு யோசிக்கும் வாய்ப்பு போய்விடும்.

அடுத்தது ஒன்பதும் எட்டும். உங்கள் கேள்வியில் உள்ள 8 + 5 இங்கேதான் வருகிறது. 8 + 5ஐப் பத்தாக்கிச் செய்ய ஒரு பிள்ளைக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். எட்டுக்குப் பத்தாக இரண்டு வேண்டும். ஐந்திலிருந்து இரண்டை எடுத்தால் மூன்று மிஞ்சும். பத்தும் மூன்றும் பதின்மூன்று. இதில் ஒன்று ஆடினாலும் முழுவதும் விழுந்துவிடும். "எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும் வருகுதில்லை" என்று நாங்கள் சலிக்கும் இடம் இதுதான். மூன்றில் எது ஆடுகிறது என்று பார்த்து அதைச் சரி செய்தால், மிச்சம் தானாக வரும். பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான், ஐந்தைப் பிரிப்பதுதான் ஆடும். இரண்டு தட்டுத் துண்டை அருகருகே வைத்து, ஒன்றில் எட்டும் மற்றதில் ஐந்தும் போட்டு, ஐந்திலிருந்து இரண்டு கொட்டையைக் கையால் எடுத்து எட்டின் வெறுங்குழியில் போட வையுங்கள். பத்து நிறைந்தது, மூன்று மிச்சம். ஒரு கிழமை கொட்டையோடு. அடுத்த கிழமை தட்டைப் பார்த்து, கொட்டையைத் தொடாமல். அதற்கடுத்த கிழமை தட்டை மூடி வைத்துவிட்டு மனதுக்குள்.

மூன்றாவது படி, பத்தும் மூன்றும் பதின்மூன்று என்பது, தமிழில் படிக்கும் பிள்ளைக்கு அரைவாசி இலவசமாகக் கிடைக்கிறது. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதினாறு பத்தும் ஆறும். பத்தொன்பது பத்தும் ஒன்பதும். எண்ணின் பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற பெயர்களில் பத்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குக் கேட்காது. பழைய தமிழ் எண்களில் பதின்மூன்றை ௰௩ என்றே எழுதினார்கள்: பத்துக்கு ஒரு குறி, பக்கத்தில் மூன்று. இப்படி ஒரு வசதி கையில் இருந்தும் அதை நாங்கள் பயன்படுத்துவதில்லை. இன்றைக்கு நேர்சரியில் வன், டூ என்று ஆங்கிலத்தில் எண்ணப் பழகிவிட்டு வரும் பிள்ளைகள் தரம் 2இலும் மனதுக்குள் ஆங்கிலத்தில்தான் எண்ணுகிறார்கள். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டல் செய்யும் அந்தப் பத்து நிமிடத்தில் தமிழில் எண்ணச் சொல்லுங்கள். "பதின்மூண்டு எண்டால் பத்தும் எத்தினை?" என்று அடிக்கடி கேளுங்கள். ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, ஒரு கட்டும் மூன்று தனி ஈர்க்கும் எடுத்துக் காட்ட வையுங்கள். எங்கள் வீடுகளில் ஈர்க்குக்கு என்ன குறைவு?

உறவு புரிந்த பிறகுதான் பயிற்சி. பயிற்சி வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறைய வேண்டும். ஆனால் கிழமையில் ஒரு நாள் ஒரு மணித்தியாலத்தை விட நாளுக்குப் பத்து நிமிடம் மேல். அன்று படித்த கணக்கோடு போன கிழமையினதும் போன மாதத்தினதும் கலந்து வர வேண்டும். மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி நினைவில் இருந்து எடுக்கும்போதுதான் அது பதியும். லூடோ தாயக்கட்டை இரண்டு உருட்டிக் கூட்டுவது நல்ல விளையாட்டு, ஆனால் பன்னிரண்டோடு நின்றுவிடும். ஒரு கட்டையின் ஆறு பக்கத்திலும் 4 முதல் 9 வரை எழுதி ஒட்டிவிட்டால் கடினமான கணக்குகளும் வரும்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் 304. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒரு அப்பப்பா, பிடித்த சீட்டைப் புரட்டிக்கொண்டே புள்ளியைக் கூட்டி முடித்துவிடுவார். யாரும் அவரை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு விரட்டவில்லை. முப்பதும் இருபதும் ஐம்பது, பதினொன்றோடு அறுபத்தொன்று என்று சேர்த்து எடுக்கும் வழி அவருக்கு இருக்கிறது. அதைத் தினமும் விருப்பத்தோடு பயன்படுத்துகிறார். சுன்னாகம் சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவும் அப்படித்தான். பிள்ளைகளுக்கும் இந்த இரண்டையும்தான் நாங்கள் கொடுக்க வேண்டும், வழியையும் தினசரிப் பயன்பாட்டையும்.

சரி, ஒரு நிமிடப் பரீட்சை. நான் வைத்திருக்கிறேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகள் சந்தோசமாக எழுதினார்கள். தெரியாத பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் மேலும் வேகமாக எண்ணினார்கள், அல்லது பக்கத்துக் கொப்பியைப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை எல்லாக் கட்டத்திலும் ஏதோ ஒரு எண்ணை எழுதி நிரப்பித் தந்தாள். அவளுக்கு வெறும் கட்டம் இருப்பதுதான் வெட்கம், பிழை விடை இல்லை. அதற்குப் பிறகு கணித பாடம் தொடங்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. அந்த முகம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பதற்றம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும் என்பது பெரியவர்களான எங்களுக்கே தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை நாங்களே வரவழைக்கக்கூடாது.

உங்கள் அதிபருக்கு வேண்டியது பிள்ளைகள் முன்னேறுகிறார்கள் என்பதற்குச் சான்று. அது நியாயமான எதிர்பார்ப்பு. நான் மேலே சொன்ன மூன்று குறிப் பட்டியலை மாதம் ஒருமுறை அவருக்குக் காட்டுங்கள். சென்ற மாதம் எண்ணிய எத்தனை பேர் இந்த மாதம் யோசித்துச் சொல்கிறார்கள், எத்தனை பேர் உடனே சொல்கிறார்கள் என்பது புள்ளிகளை விடத் தெளிவாக இருக்கும். இது சண்டை போட வேண்டிய விஷயமே இல்லை. "சேர், ஒரு தவணை இப்பிடிச் செய்து பார்க்கிறன், பிறகு நீங்களே வந்து நாலு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ" என்று மரியாதையாகச் சொன்னால் அனேகமான அதிபர்கள் மறுக்கமாட்டார்கள். நேரம் பார்த்தே ஆகவேண்டும் என்றால், பெரும்பாலானவை உடனே வரும் நிலைக்கு வந்த பிள்ளைக்கு மட்டும், அதனுடைய பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்திலும் இதைச் சொல்ல வேண்டிவரும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் எங்கள் ஊரில் தரம் 1இலேயே தொடங்கிவிடுகிறது. ரியூசனில் நாளுக்கு ஐம்பது கணக்குக் கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் புளியங்கொட்டை விளையாட விடுகிறார்கள் என்று ஒரு அம்மா கவலைப்பட்டால் அது அவருடைய பிழையல்ல. அவரிடம் வேறு ஒரு வேலையைக் கொடுங்கள். இரவு சாப்பாட்டு நேரத்தில் மூன்று கணக்கு மட்டும் கேட்கட்டும், ஒவ்வொன்றுக்கும் "எப்பிடிக் கண்டுபிடிச்சனீ?" என்றும் கேட்கட்டும். கடைக்கு அனுப்பும்போது ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் குற்றிகளை எண்ணிக் கொண்டுபோகச் சொல்லட்டும்.

எல்லாம் செய்தும் அசையாத ஒரு பிள்ளை இருந்தால், பின்னோக்கிப் போங்கள். மூன்று கொட்டையைப் பார்த்ததும் எண்ணாமல் மூன்று என்று சொல்கிறதா? ஐந்தை இரண்டும் மூன்றுமாகப் பிரிக்கத் தெரியுமா? இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு ஐந்துக்குள் ஒரு மாதம் வேலை செய்யுங்கள், மற்றவர்கள் பதின்மூன்றில் நின்றாலும் பரவாயில்லை. கரும்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நான் மந்தம் என்று நினைத்த ஒரு பிள்ளைக்குக் கண்ணாடிதான் தேவைப்பட்டது.

கழித்தலுக்குத் தனி வாய்பாடு வேண்டாம். 13 − 8 என்றால் "எட்டோட எதைச் சேர்த்தால் பதின்மூண்டு?" என்று கேட்டுப் பழக்குங்கள். கூட்டல் உறுதியாக இருந்தால் கழித்தலின் பெரும்பகுதி கூடவே வந்துவிடும்.

கடைசியாக, நான் அனாதை என்று சொன்ன அந்த நான்கு கணக்கு. அவற்றைப் பாடமாக்கச் சொல்லலாம், நான்குதானே. ஆனால் நான் அவற்றைத்தான் வகுப்பில் ஆகக் கூடுதலான நேரம் பேச வைப்பேன், ஏனென்றால் அவற்றுக்கு ஒரே வழி என்று ஒன்றில்லை. 3 + 5ஐ ஒரு கை முழுவதும் மறுகையில் மூன்றும் என்று விரலிலேயே காட்டுவார்கள். 3 + 6க்கு ஒரு பையன் நுங்கைச் சொன்னான்: ஒரு நுங்கில் மூன்று கண், இரண்டு நுங்கில் ஆறு, இன்னொன்றை வெட்டினால் ஒன்பது. 4 + 7க்கு நான்கும் ஆறும் பத்து, இன்னும் ஒன்று என்பார்கள். 5 + 7க்கு என் வகுப்புகளில் மூன்று வழி வந்திருக்கிறது. ஐந்தும் ஐந்தும் பத்து, ஏழில் மிஞ்சிய இரண்டு. ஏழும் மூன்றும் பத்து, ஐந்தில் மிஞ்சிய இரண்டு. மூன்றாவதை ஒரு அமைதியான பிள்ளை சொன்னது: ஏழு ஒன்றை ஐந்துக்குக் கொடுத்தால் இரண்டு பேரிடமும் ஆறு ஆறு இருக்கும். உங்கள் பிள்ளைகள் 5 + 7க்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள் தங்கச்சி, நான்காவது வழி ஒன்று வந்தால் அதையும் அறிய ஆசையாக இருக்கிறது.